தொழுமரமும் ஐந்தாம் அலகும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தமிழ்த்துறையின் பாடத்திட்டக் குழு கூடியது. முதுகலைச் சிற்றிலக்கியத் தாள் பேச்சுக்கு வந்தபோது, குழுவில் இளையவரான ஒருவர், பள்ளரின் உழவு வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளை நீக்கிவிடலாம் என்றார். உழுது பிழைத்த மக்களை ஏளனமாகக் காட்டும் நூலை, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் நடத்துவது தமக்குக் கூசுகிறது என்று காரணமும் சொன்னார். வெளியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மாணவருக்குக் கொடுக்க நம் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். இருவருமே மனத்தில் பட்டதைத்தான் பேசினார்கள். பத்து நிமிடத்தில் ஒரு சமரசம் பிறந்தது. பள்ளு இருந்த இடத்திலேயே இருக்கும். தற்கால இலக்கியத் தாளின் ஐந்தாம் அலகில் தலித் எழுத்து இன்னும் ஒன்று கூடுதலாகச் சேரும். எல்லோரும் தலையசைத்தோம், நானும் கையெழுத்திட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பள்ளை நடத்தி வருகிறவள் என்ற முறையில் அந்த அறையில் சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கையெழுத்து இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் அலகு என்னும் இடம்

தமிழ்நாட்டுக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஐந்தாம் அலகு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பருவத்துக்கு 90 வேலைநாள், தாளுக்கு 5 அலகு, ஒவ்வோர் அலகுக்கும் சமமான மணிநேரம் என்று காகிதத்தில் இருக்கும். நடப்பில் முதல் அலகைச் சொல் சொல்லாகப் பிரித்து நடத்துவோம். இரண்டாம் அலகில் கொஞ்சம் வேகம் பிடிப்போம். மழை விடுமுறை, விளையாட்டு விழா, அகமதிப்பீட்டுத் தேர்வு எல்லாம் கழிந்து ஐந்தாம் அலகுக்கு வரும்போது கையில் நான்கைந்து வகுப்புகள்தாம் இருக்கும். எளிய உரைநடைதானே, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவோம். வினாத்தாளும் அதற்கு ஒத்துழைக்கும். கட்டுரை வினாக்கள் ஐந்தில் மூன்றுக்கு எழுதினால் போதும் என்பதால், ஐந்தாம் அலகைத் தொடாமலே ஒரு மாணவர் முதல் வகுப்பில் தேறிவிட முடியும். எது இலக்கியம், எது அதற்குப் பின்னொட்டு என்பதை எந்தக் கொள்கை அறிக்கையும் சொல்வதில்லை. மாணவர்கள் அதை இந்த ஏற்பாட்டிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம், ஆங்கில இளங்கலைச் சிறப்புப் பாடத்தின் பெண்ணெழுத்துத் தாளிலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' என்னும் கதையையும், பாமா, சுகிர்தராணி ஆகிய நம் தலித் எழுத்தாளர்கள் இருவரின் ஆக்கங்களையும் நீக்கியது. அங்கே கல்விக்குழு உறுப்பினர்கள் 15 பேர் எழுத்து வடிவில் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் துறை ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. எனக்கும் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் ஆறியபோது ஒரு கேள்வி எஞ்சியது. தமிழில் எழுதிய இந்த இருவரையும் மொழிபெயர்ப்பில் படித்துத் தில்லி மாணவர் தேர்வெழுதிக்கொண்டிருந்த காலத்தில், மூலமொழியிலேயே படிக்கக்கூடிய எங்கள் மாணவருக்கு அவர்களை எந்த இடத்தில் வைத்துக் கொடுத்திருந்தோம்? தில்லியில் அவர்களை விலக்க ஒரு குழு கூடித் தீர்மானம் எழுத வேண்டியிருந்தது. எங்களிடம் அந்த வேலையை ஆண்டுதோறும் நாட்காட்டியே செய்து வந்திருக்கிறது, யாரும் எதிர்ப்பு எழுதாமல்.

சிரிப்பு நின்ற வகுப்பு

குழுவில் நான் சொல்லாமல் விட்டது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நடந்தது. எங்கள் கல்லூரி தாமிரபரணிக் கரை மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளு பாடும் முக்கூடல், சிற்றாறும் கயத்தாறும் பொருநை என்னும் தாமிரபரணியோடு கலக்கும் இன்றைய சீவலப்பேரிப் பகுதிதான்; எங்கள் மாணவரில் சிலர் அந்த வழியாகப் பேருந்தில் வருகிறவர்கள். எனவே பள்ளு நடத்துவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சியான வேலை. 'ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி' என்று தொடங்கினால் பள்ளிக்கூடத்தில் படித்த நினைவில் வகுப்பே சேர்ந்து பாடும். நெல்வகை, மாட்டுவகைப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, எந்தப் பெயர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது என்று கேட்பேன். பள்ளனின் மனைவியரான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும் பகுதியை இரண்டு மாணவியரை எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்வேன். அதன் வரிசையில், மூத்தவள் முறையிட, பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கும் இடம் வரும். இரண்டு பெண்டாட்டிக்காரன் அகப்பட்டுக்கொண்டான் என்ற தொனியில் அதை வாசிப்பேன். வகுப்பு சிரிக்கும். என் குறிப்பேட்டில் அந்தப் பகுதிக்கு எதிரே 'நகைச்சுவை' என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது. நான் படித்த காலத்தில் என் ஆசிரியரும் அந்தச் சொல்லைத்தான் எழுதிப் போட்டார்.

அன்றும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “தொழுமரத்துல எவ்வளவு நேரம்மா கால மாட்டி வச்சிருப்பாங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தொழுமரம் என்றால் துளையிட்ட கட்டை, அதில் காலை நுழைத்துப் பூட்டுவார்கள் என்று அருஞ்சொற்பொருள் சொன்னேன். அவள் உட்காரவில்லை. “எங்க ஆச்சி இதச் சொல்லிருக்காங்கம்மா, அவங்க தாத்தா காலத்துக் கதையா. வெயில்ல போட்டுருவாங்களாம். ஆச்சி சொல்லும்போது வீட்ல யாரும் சிரிக்க மாட்டோம்” என்றாள். குரலில் சண்டைக்கு வரும் தொனி சிறிதும் இல்லை. கொஞ்சம் தயங்கி, “கருக்குல அந்தப் பலகாரப் பொட்டலம் வருதுல்லம்மா, அதப் பார்த்து அவங்களும் முதல்ல சிரிக்கத்தான செஞ்சாங்க” என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

பாமாவின் 'கருக்கு' அந்தப் பருவத்திலேயே வேறொரு தாளின் ஐந்தாம் அலகில் இருந்தது. வகுப்பில் யாரும் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அவள் தானாகப் படித்திருந்தாள். 1992இல் வந்த அந்தத் தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கு அவள் சொன்ன இடம் உடனே நினைவுக்கு வரும். பள்ளி விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தாங்காமல் அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், நாயக்கரிடம் குனிந்து கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஏன் அப்படித் தூக்கிச் சென்றார், அந்தப் பொட்டலத்தில் அவர் கை பட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் நம்புகிறார்கள் என்பதை அண்ணன் எடுத்துச் சொல்கிறான். அந்தச் சிறுமியின் சிரிப்பு அத்தோடு நின்றுபோகிறது.

அன்று மீதி இருந்த இருபது நிமிடத்தை என்னால் ஒழுங்காக நடத்த முடியவில்லை. இருபது ஆண்டுகளாக நான் அந்த வேடிக்கையைச் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறேன். அண்ணன் பேசவேண்டிய இடத்தில் ஒரு மாணவி பேசினாள். வீட்டுக்கு வந்து பள்ளை முதலிலிருந்து வாசித்தேன். நூல் மாறவில்லை, நான் நிறுத்தி வாசிக்கும் இடங்கள் மாறியிருந்தன. பண்ணைக்காரனைப் புலவர் விட்டுவைக்கவில்லை என்பதும், அவன் உருவத்தையே கேலிப்பொருளாக்கி அறிமுகப்படுத்துகிறார் என்பதும் இப்போது அழுத்தமாகப் பட்டன. விதைகளின் பெயரும் மாடுகளின் குணமும் அறிந்தவன் பள்ளன். கணக்குக் கேட்பவன் மட்டுமே பண்ணைக்காரன். மாட்டிவைக்கப்பட்டவனை மீட்க, முறையிட்ட அந்த மூத்தவளே மன்றாட வேண்டியிருக்கிறது என்பதையும் நான் இதுவரை குடும்பச் சண்டையின் சுபமான முடிவாகத்தான் சொல்லி வந்தேன். கட்டவும் அவிழ்க்கவும் அதிகாரம் ஒருவனிடம் இருக்கிறது, அவன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்பது அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு நூலில் இது இவ்வளவு வெளிப்படையாகப் பதிவாகியிருப்பது சாதாரணமானதன்று. அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி அரசு அறிவித்ததே 1843இல்தான்.

இதனால்தான் இளைய நண்பரின் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளை நீக்கினால் ஏளனம் மட்டும் நீங்குவதில்லை, தொழுமரத்துக்கான சாட்சியும் சேர்ந்து நீங்கிவிடுகிறது. மூத்தவரின் நிலைப்பாட்டையும் ஏற்க முடியவில்லை. பள்ளு அப்படியே இருக்கட்டும் என்பதன் பொருள், பச்சை மையில் எழுதிய அந்தச் சொல்லும் அப்படியே இருக்கட்டும் என்பதுதான். சமரசம் இவை இரண்டையும்விட மோசமானது. ஒன்றையொன்று பார்த்துக் கேள்வி கேட்கவேண்டிய இரண்டு நூல்களை வேறு வேறு தாளில், வேறு வேறு ஆசிரியரிடம், நான்கு மாத இடைவெளியின் இரு முனைகளில் அது பத்திரமாகப் பிரித்து வைத்துவிட்டது.

கும்பகோணத்தில் ஒரு வியாழக்கிழமை

பட்டியலை மாற்றுவது மரபுக்கு எதிரானது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு உ.வே. சாமிநாதையர் எழுதிய ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த, 25 வயது இளைஞரான அவர், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த முனிசீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, பட்டியல் நீளமானது. முதலியார் சிறிதும் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். தெரியவில்லை. அந்தச் சந்திப்பிலிருந்து தொடங்கிய தேடல்தான் 1887இல் சிந்தாமணியாகவும், 1889இல் பத்துப்பாட்டாகவும், 1892இல் சிலப்பதிகாரமாகவும், 1894இல் புறநானூறாகவும் அச்சேறியது. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டதும் 1887இல்தான்.

இந்தக் கதை தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். சங்க இலக்கியம் மீண்ட கதையாகவே இதை நடத்துகிறோம், அதில் தவறில்லை. ஆனால் அதே கதை, ஒரு முழுப் பாடத்திட்டம் இடம்பெயர்ந்த கதையுமாகும். 1880இல் ஒருவர் தமிழ் கற்றவர் என்று சொல்லிக்கொள்ள எவற்றையெல்லாம் படித்திருக்க வேண்டுமோ, அவற்றில் பெரும்பகுதியை இன்று முதுகலைத் தமிழ் முடித்த மாணவர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். பிரபந்தம் என்று பெருமையோடு வழங்கியவை நம் தாள்களில் சிற்றிலக்கியம் ஆயின. தம் காலத்தின் தலைசிறந்த புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்களில் ஒரு பாட்டைக்கூட எங்கள் மாணவர் படிப்பதில்லை. மாணாக்கர் எழுதிய உரைநடையில் வரும் அன்பான ஆசிரியராக மட்டுமே அவரை அறிகிறார்கள். ஐயர் இரண்டையும் கையில் வைத்திருந்தார். ஆசிரியரின் பிரபந்தங்களைத் திரட்டிப் பதிப்பித்தவரும் அவரே. அவரால் முடிந்தது அவருக்குப் பின் வந்த பாடத்திட்டங்களால் முடியவில்லை.

இதைச் சொல்வதால் தலபுராணங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்பதாகக் கொள்ள வேண்டாம். முதலியார் கேட்ட கேள்வி நல்ல கேள்வி; அந்தக் கேள்வியால் தமிழ் அடைந்த ஆதாயத்துக்கு அளவில்லை. ஆனால் அது ஒரு மனிதர் ஒரு நாளில் கேட்ட கேள்வி. நாம் காலங்காலமாக இருந்ததாக எண்ணிக் காப்பாற்றும் வரிசைக்கு 150 வயதுகூட ஆகவில்லை. அது உருவானபோது அதற்கு ஒரு தேவை இருந்தது, ஒரு காலம் இருந்தது, அதை விரும்பியவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. இவற்றை மறைத்துவிட்டு நூல்களை மட்டும் கொடுக்கும்போது, மாணவர் அந்த வரிசையை மலை, ஆறு போல இயற்கையாக அமைந்தது என்று நம்பிவிடுகிறார். அதன்பின் ஐந்தாம் அலகில் எதைச் சேர்த்தாலும் அது மலையடிவாரத்தில் போட்ட கொட்டகையாகத்தான் அவருக்குத் தெரியும்.

நம் ஊரில் ஒரு காலத்தில் இந்த வழக்கு மேடையில் நடந்தது. 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா சொற்போர் நடத்தினார். நூலைக் கொளுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எதைப் படிக்க வேண்டும், ஏன் என்று ஊரறியக் காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் அன்று இரு தரப்புக்கும் இருந்தது. எங்கள் கூட்டத்தில் சிற்றிலக்கியத் தாளுக்குக் கிடைத்த பத்து நிமிடத்தோடு அதை ஒப்பிடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1968 அக்டோபரில் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ உள்ளிட்ட மூவர் ஆங்கிலத்துறையையே ஒழிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஆங்கில இலக்கியத்தோடு ஆப்பிரிக்க எழுத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நடுவில் எது இருக்க வேண்டும், எங்கே நின்றுகொண்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். வாய்மொழி இலக்கியத்துக்குப் பாடத்தில் முதன்மையான இடம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கையில் முக்கியமானது. இங்கே நாம் வாய்மொழி மரபுக்கு நாட்டார் வழக்காற்றியல் என்று தனித் தாளே கொடுத்திருக்கிறோம். தனித் தாள் மரியாதை போலத் தோன்றும். ஆனால் முத்துப்பட்டன் கதையை அங்கே வழக்காறாகப் படிக்கிற மாணவர், அதை இங்கே இலக்கியமாகப் படிக்க வாய்ப்பே இல்லாமல் போகிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தது இப்படிக் கூண்டில் வைப்பதற்காக என்று நான் நினைக்கவில்லை.

என் முன்மொழிவு

வரும் கூட்டத்துக்கு ஒரு திருத்தம் எழுதியிருக்கிறேன். சிற்றிலக்கியத் தாளின் முதல் வாரத்தில், ஐயர் முதலியாரைச் சந்தித்த பகுதி பாடமாக இருக்கும். நீங்கள் படிக்கப் போகும் வரிசை இப்படித்தான் ஒரு முறை மாறியது என்பதைத் தெரிந்துகொண்டே மாணவர் உள்ளே வரட்டும். இரண்டாம் அலகில் பள்ளும், கருக்கின் அந்தப் பகுதியும், முத்துப்பட்டன் கதையின் ஒரு பகுதியும் ஒன்றாக இருக்கும். செருப்புத் தைப்பவரின் மகள்கள் இருவரை மணந்துகொள்ளத் தன் பூணூலைத் துறந்த பிராமணனின் கதை, பாபநாச மலையடியில் கோயில்கொண்டவனின் கதை, எங்கள் மாணவருக்கு வில்லுப்பாட்டில் கேட்டுப் பழகியது. காலத்தால் பிரிந்த மூன்றும் ஒரே மண்ணில் சாதி என்ன செய்தது என்பதை மூன்று குரலில் சொல்கின்றன. இவற்றில் எது மேல் என்று நான் மதிப்பெண் போடப் போவதில்லை. அடுத்தடுத்து வாசித்தால் ஒவ்வொன்றும் மற்றதை வேறு மாதிரி கேட்கச் செய்யும் என்பது என் அனுபவம்.

இதற்கு விலை உண்டு. 90 நாள் 90 நாள்தான். கலம்பகம் இருந்த இடம்தான் இதற்குக் கிடைக்கிறது. நந்திக்கலம்பகம் நான் மாணவியாக இருந்தபோது மனப்பாடம் செய்த நூல், இப்போதும் அதன் பாட்டுகள் தனியே நடக்கும்போது நாவில் வரும். அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதும்போது கை தயங்கியது. அடுத்து வரும் ஒருவர் என் திருத்தத்தை நீக்கிவிட்டு அதைத் திரும்பக் கொண்டுவரலாம். காரணம் சொல்லிச் செய்தால் எனக்கு வருத்தம் இராது. இளைய நண்பரிடம் இதைக் காட்டினேன். பள்ளை வகுப்பில் யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் இருக்கிறது, பழைய குறிப்பேட்டோடு ஒருவர் உள்ளே போனால் எந்த அலகில் வைத்தும் பயனில்லை என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. என் குறிப்பேட்டையே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருத்தத்தோடு ஒரு மாதிரி வினாத்தாளும் இணைக்க வேண்டும். எங்கள் பழைய வினாத்தாள்களைப் புரட்டிப் பார்த்தபோது, 'முக்கூடற்பள்ளில் அமைந்துள்ள நகைச்சுவைத் திறத்தை விளக்குக' என்ற வினா மீண்டும் மீண்டும் வந்திருந்தது. அவற்றில் சில நானே குறித்துக் கொடுத்தவை. அதை அடித்துவிட்டு, தேர்வு விலக்கு இல்லாத கட்டாய வினாவாக இப்படி எழுதியிருக்கிறேன்: 'பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டும் பகுதியையும், பலகாரப் பொட்டலத்தைச் சிறுமி காணும் பகுதியையும் அடுத்தடுத்து வாசிக்க. ஒவ்வொன்றிலும் சிரிப்பவர் யார், எப்போது நிறுத்துகிறார், நிறுத்தாதவர் யார் என்பதை எழுதுக.'